ஒன்பதாம் பெட்டி

1

இது நானாக யோசித்து எழுதிய கதை அல்ல. ஒருவர் என்னிடம் கேட்டு வாங்கும் கதை.

போன டிசம்பரில், அதாவது ஐம்பத்தெட்டாம் வருடக் கடைசியில், மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போயிருந்தேன். அங்கே கொழுந்து பறிக்கும் வேலுத்தாய் என்பவரைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுத் திரும்புவதாக உத்தேசம். அவருடைய கணவர் சோலை, செம்பு தேடிச் சர்க்கார் முகாமில் நாங்கள் வெட்டிய சுரங்கத்துக்குள் கல் சரிந்து இறந்தவர். அந்தச் சுரங்கம் எங்கே போக வேண்டும் என்று படம் வரைந்தவன் நான்.

வேலுத்தாய் கடுங்காப்பி கொடுத்தார். நான் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டார்.

"படக்காரய்யா, எம் புருசன் சொன்ன பேச்சுக் கேக்காம உள்ள போயித்தான் செத்தாருன்னு சர்க்கார் பேப்பருல எழுதியிருக்காமே. நெசமா?"

"அப்படித்தாங்க எழுதியிருக்காங்க."

"நீங்க அங்கனதான இருந்தீக. அவரு அப்பிடிப்பட்ட ஆளா?"

"இல்லீங்க."

"அப்ப ஏன் ஒருத்தரும் மாத்தி எழுதல?"

அவரே மறுபடி பேசினார். "நீங்க பத்திரிகையில கதையெல்லாம் எழுதுறீகளாம். அன்னமேரி அக்கா சொல்லுச்சு. இவரப் பத்தி ஒருக்கா ஒழுங்கா எழுதிப் போடுங்க. ஞாயித்துக்கெழம அக்கா வாசிக்கும், லயத்துல எல்லாரும் கேப்பாக. எனக்கு அது போதும்."

அன்னமேரி அந்தத் தோட்டத்தில், பெண்கள் கொழுந்துக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாரப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மருந்து விளம்பரம்வரை உரக்க வாசிப்பாராம். இதுவரை என் கதைகள் நான்கு அச்சாகியிருக்கின்றன. யார் வாசிக்கப்போகிறார், யார் கேட்கப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு மாதம் ஆகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வட்டவடைக்கும் மறையூருக்கும் நடுவே, கறைப்பாறை மேட்டுக்கு அடியில், கோடானு கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ஆழத்தில் கொதித்த நீர் பாறை வெடிப்புகளின் வழியே மேலேறி, தான் கரைத்துக் கொண்டுவந்த செம்பையும் இரும்பையும் கந்தகத்தோடு சேர்த்து அங்கேயே உறையவிட்டு—"

(நிறுத்திவிட்டேன். சொன்னதில் பிழை இல்லை. ஆனால் இதில் மனிதர்கள் வந்து சேர்வதற்குள் லயத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.)

இரண்டாவது:

"ஐம்பத்தாறு ஏப்ரலில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குச் சோலை சுரங்கத்துக்குள் நுழைந்தார்."

(இப்படித் தொடங்கினால் அந்த மனிதர் என் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் உயிரோடு இருப்பார். அதற்கு அந்தச் சர்க்கார் அறிக்கையே போதும்.)

அதனால் மூன்றாவது.

சோலைக்கு நல்ல மூக்கு. எங்கள் முகாமில் அது பிரசித்தம். கந்தகம் கலந்த கல்லைச் சுத்தியலால் தட்டினால் தீக்குச்சி கிழித்த வாடை அடிக்கும். எல்லாருக்கும் அடிக்கும், ஆனால் பக்கத்தில் வைத்து முகர வேண்டும். சோலை நாலு முழம் தள்ளி நின்றே "இதுல இருக்குங்க, அதுல இல்லீங்க" என்று சொல்லிவிடுவார். மேட்டின் உச்சியில் துருப்பிடித்த தொப்பிபோல ஒரு செங்காவிப் பாறை உண்டு. அடியில் கந்தகக் கல் இருக்கிறது, மழையும் வெயிலும் பட்டு மேலே துருவாகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தப் பாறையில் பழுதாகாத ஒரு மூலையைத் தேடி உடைத்து, உள்ளே பித்தளையாக மின்னும் கல்லை எங்களுக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கேட்காமல் எதையும் செய்யமாட்டார். நான் வரையும் கூடாரத்துக்குள் வருவதென்றால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "வரலாங்களாய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், அந்தப் பழக்கம் போகவில்லை. சொன்ன பேச்சுக் கேட்காதவர் என்று எழுதப்பட்டிருப்பது இவரைப் பற்றித்தான்.

3

எங்கள் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பு எங்கே நடந்தது என்று புரியாது.

மலையைப் பிளந்து பார்க்க முடியாது. துளைப் பொறியை நிறுத்தி நேர்கீழாக ஒரு துளை போடுவோம். குழாய்க்குள் சிக்கி மேலே வரும் கல், வெள்ளரிப் பிஞ்சுப் பருமனில், துண்டு துண்டாக இருக்கும். வந்த வரிசை மாறாமல் அதை மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். ஒரு பெட்டியில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்தடி. ஆகவே ஒரு பெட்டி என்பது மலையின் இருபத்தைந்தடி ஆழம். இடையிடையே ஆழத்தை எழுதிய மரக்கட்டைகள். கல்லைக் கழுவுவதும் அடுக்குவதும், அப்போது சோலையோடு முகாமில் இருந்த வேலுத்தாயின் வேலை. ஜியாலஜிஸ்ட் ஒவ்வொரு துண்டாகப் பார்த்து நோட்டில் எழுதுவார். அதிலிருந்து நான் படம் வரைவேன். மலையை உச்சியிலிருந்து அடிவரை அறுத்து வைத்தால் உள்ளே எப்படித் தெரியுமோ, அந்தப் படம்.*

*இதில் பாதி கணக்கு, பாதி ஊகம். இரண்டு இடத்தில் பார்த்ததை வைத்துக்கொண்டு நடுவில் பார்க்காததைக் கோடு போட்டு இணைப்பது. கதை எழுத நான் கற்றுக்கொண்டதும் அந்த மேசையில்தான். அதில் இப்போது எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஜியாலஜிஸ்ட் பெயர் சாம்பசிவன். கல்பாத்திக்காரர். நாற்பது வயதிருக்கும். இவரை எழுதுவதில்தான் அதிகம் தடுமாறினேன். முதல் படியில் அவரைப் பதவி ஆசை பிடித்தவராக எழுதினேன். இரண்டாம் படியில் மகானாக்கினேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: அவர் கெட்டவராக இருந்தாலும் சரி, மகானாக இருந்தாலும் சரி, நான் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டையும் கிழித்தேன். சமையல்காரனோடு ரசத்துக்காகச் சண்டை போடுவார். மறையூர் வெல்லம் என்றால் உயிர். கல்லைக் கையில் எடுத்தால் மட்டும் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. அவ்வளவுதான், வேலையில் கவனமான ஒரு மனிதர்.

4

ஐம்பத்தைந்து நவராத்திரிக்கு ஊருக்குப் போன சாம்பசிவன் சார், விஜயதசமிக்கு மறுநாள் திரும்பி வந்து புதுப் பெட்டிகளைப் பார்த்தார். ஒன்பதாம் பெட்டியில், இருநூறாவது அடியில் தொடங்கி ஆறடி நீளத்துக்கு, செம்பும் கந்தகமும் கலந்த கல் இடைவெளியே இல்லாமல் மின்னியது. மேலே துருப்பாறை, கீழே ஆறடிப் படுகை. இரண்டையும் சேர்த்துச் சிவப்பு மையில் நான் ஒரு பட்டை வரைந்தேன். அழகாகவே வரைந்தேன்.

மலைச்சரிவிலிருந்து கிடையாகச் சுரங்கம் போட்டால் இருநூற்றறுபதாவது அடியில் அந்தப் படுகையைத் தொடலாம் என்று கணக்கு. ஜனவரியில் வேலை ஆரம்பித்தது. ஏப்ரலில் இருநூற்றைம்பத்தாறு அடி வந்துவிட்டோம். அங்கே பாறை மாறிவிட்டது. கறுத்து, கையால் தட்டினாலே உதிர்ந்தது. கூரையைத் தாங்க இரண்டடிக்கு ஒரு மரமுட்டு கொடுத்துக்கொண்டு போனார்கள். கடைசி முட்டுக்கு அப்பால் யாரும் போகக் கூடாது என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வாசலில் பலகை வைத்திருந்தது. சோலைக்கு இரண்டும் தெரியாது. ஆனால் கங்காணி வீரபாண்டி எல்லாருக்கும் வாயால் சொல்லியிருந்தார்.

அன்று காலை வேலைக்குப் போகுமுன் சோலை என் கூடாரத்துக்கு வந்து—

(பிறகு சொல்கிறேன். இப்போது கை வரவில்லை.)

பத்து மணிக்குக் கூரை சரிந்தது. கடைசி முட்டுக்கு மூன்றடி அப்பால் அவரை எடுத்தார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் தூரத்தை அளந்தார்கள். "உத்தரவை மீறித் தானாகவே உள்ளே சென்றதால்" என்று எழுதினார்கள். என்னிடம் அளவுகளை மட்டும் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

முட்டுகளை நெருக்கிக் கொடுத்து மேலும் முப்பத்துநாலு அடி வெட்டிப் பார்த்தோம். படுகையைக் காணோம். மெல்லிய பித்தளைக் கீற்றுகூட இல்லை. படம் தப்பு.

அன்னமேரி அக்கா, இந்த இடத்தில் உரக்க வாசிப்பதை நிறுத்துங்கள். "கண்ணாடியைத் துடைச்சுக்கிறேன்" என்று ஏதாவது சொல்லுங்கள். அடுத்து வரும் ஐந்தையும் ஆறையும் முதலில் மனதுக்குள் வாசியுங்கள். அவை இல்லாமல் நேராக ஏழுக்குப் போனாலும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். ஏழைத் தயங்காமல் உரக்க வாசிக்கலாம்.

மற்ற வாசகர்கள் வழக்கம்போல வாசித்துக்கொண்டு போகலாம். உங்கள் பக்கத்தில் வேலுத்தாய் உட்கார்ந்திருக்கவில்லை.

5

ஜூன் மாதம், மழைக்கு நடுவே, சாரும் நானும் பெட்டிகளைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டு முதலிலிருந்து பார்த்தோம். உடைந்த கல் என்றாலும் ஒரு துண்டின் அடிமுனையும் அடுத்த துண்டின் தலைமுனையும் பொருந்த வேண்டும். உடைந்த சட்டியை ஒட்டுகிறவர்கள் செய்வதுதான். கல்லுக்குள் வெள்ளை வரிகள் சரிவாக ஓடும், அடுத்தடுத்த துண்டுகளில் அந்தச் சரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒன்பதாம் பெட்டியில் ஆறடிக்குள் ஏழு விதமான சரிவுகள் இருந்தன.

இரண்டு நாள் ஆயிற்று. ஏழு முதல் பத்துவரை நான்கு பெட்டிகளையும் தரையில் பரப்பி, முனைக்கு முனை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு துண்டாக அதன் இடத்துக்கு அனுப்பினோம். மலை தன் பழைய வடிவத்துக்கு வந்தது. அதில் ஆறடிப் படுகை எதுவும் இல்லை. அந்த நான்கு பெட்டிகளின் நூறடி நீளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கை அகலம், சாண் அகலம் என்று சிதறிய கீற்றுகள். அவை ஒரு காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதை நம்பிச் சுரங்கம் வேண்டாம், குழிகூட வெட்டியிருக்க வேண்டாம்.

என் முந்தைய படியில் இந்த இடத்தில் "யாரோ பெட்டியைக் கலைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அந்த "யாரோ"வைத் தாண்ட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

கடைசியாக ஒரு துண்டைக் கையில் எடுத்த சார், அதன் உடைந்த முனையை வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார்.

"இது என்னதாக்கும்? சந்தனமான்னா இருக்கு."

ஒரு கல்லோடு இன்னொன்று ஒட்டி நிற்கவேண்டிய முனை. அங்கே சந்தனம் போவதற்கு வழியில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

6

சரஸ்வதி பூஜை அன்று எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. எங்கள் மீனாட்சிபுரத்து வீட்டிலும் அதுதான் வழக்கம். ஊருக்குக் கிளம்பும்போது சார் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். "நஞ்சப்பன், பூஜை அன்னிக்குப் பென்சிலைத் தொடப்படாது, கேட்டேரா? நோட்டு, அளவுகோல் எல்லாம் ஸ்வாமிகிட்ட வெச்சுடணும்."

வைத்தேன். முதல் நாள் சாயங்காலம்தான் ஏழு முதல் பத்துவரை நான்கு பெட்டிகள் மேட்டிலிருந்து இறங்கியிருந்தன. பூஜைக்கு வைக்குமுன், எந்தத் துண்டு எங்கே என்று நானே ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம். களைப்பாக இருந்தது. விஜயதசமி அன்று எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டைக் கொண்டுபோய்ப் படத்தின் அடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் பொறிக்கும் சுத்தியல்களுக்கும் பொட்டு வைத்தார்கள். வேலுத்தாய் என்னிடம் வந்தார்.

"எந்திரத்துக்கெல்லாம் வெச்சாச்சு. இந்தக் கல்லுக்கு வைக்க வேணாமாய்யா? இதுக்குத்தான இம்புட்டுப் பாடு."

"வைங்க."

"மின்னுறத மட்டும் ஒரே பெட்டியில அடுக்குனா சாமிக்கு முன்னால நல்லாருக்கும்."

"சரி, அடுக்குங்க. அப்புறமா எடுத்து வெச்சுக்கலாம்."

இதுதான் நடந்தது. வேலுத்தாய் நான்கு பெட்டிகளிலும் மின்னிய கல்லைப் பொறுக்கி ஒன்பதாம் பெட்டியில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் இட்டார். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த வெறுங்கல்லை மற்றப் பெட்டிகளில் விழுந்த இடைவெளிகளில் நிரப்பினார். இடைவெளி இருந்தால் நான் கோபிப்பேன் என்று அவருக்குத் தெரியும். பூஜை முடிந்து சந்தனத்தைக் கழுவித் துடைத்து, மரக்கட்டைகளைப் பழையபடி செருகினார். அவர் அடுக்கிய பெட்டிகளிலேயே அதுபோல நேர்த்தியாக வேறொன்றும் இருந்ததில்லை. எது எங்கே இருந்தது என்று எழுதி வைக்காததால், திருப்பி அடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

சார் வந்தார். ஆறடியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ரண்டும் சேரல்லியே. பெட்டியை ஆராவது தொட்டாளா?"

"கழுவித் தொடச்சு வெச்சதுதானுங்க சார்."

சோலையைக் கொன்றது அந்தப் பதில் என்று நான் நினைக்கிறேன். அழகுக்காக இதை எழுதவில்லை. மூன்று வருடமாக அப்படித்தான் நினைக்கிறேன்.

சந்தனத்தைக் கண்ட அன்று எல்லாவற்றையும் சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மழை விடும்வரை பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "அவகிட்டே இது போகப்படாது" என்றார்.

"அப்ப சோலை பேருங்க சார்?"

"படம் தப்புன்னு நான் எழுதிடறேன். என் தப்புன்னே எழுதறேன். அந்த விஜாரணையை மாத்தணும்னா, படம் எப்படித் தப்பாச்சுன்னு கேப்பா. கேட்டா அவ பேரும் வரும். புருஷன் போயாச்சு. இதையும் அவ தலையிலே வைக்கணுமா?"

அப்படியே எழுதினார். நவம்பரில் மொழிவாரியாகப் புது ராஜ்யம் பிறந்து காகிதங்களெல்லாம் புது ஆபீசுகளுக்குப் போயின. அவருக்கும் மாற்றலாயிற்று. சோலையின் பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன், அக்கா. (அ) பெட்டியை அடுக்கியது நானே. வேலுத்தாய் அன்று அங்கே இல்லை. இது கதைக்கு ஆகும். ஆனால் கேட்கப்போகிறவருக்குத் தன் கைகள் என்ன செய்தன என்று தெரியும். (ஆ) மலை கோபித்துக்கொண்டது. லயத்தில் சிலர் இதை ஒப்புக்கொள்வார்கள், ஆனால் அந்தக் கதையில் என் பங்கு இல்லாமல் போய்விடும். (இ) பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது. சார் செய்தது அதுதான். (ஈ) இப்போது நீங்கள் வாசித்தது.

7

வேலுத்தாய், இது உங்களுக்கு.

அன்று காலை சோலை என் கூடாரத்துக்கு வந்தார். தலைத்துண்டு கையில் இருந்தது.

"வரலாங்களாய்யா? இன்னும் எம்புட்டு அடி பாக்கி?"

நான் அளவுகோலைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். "நாலே அடிதானுங்க."

"அப்ப வாடை வரணுமேய்யா. முட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன், ஒண்ணும் வரல."

"கிட்டப் போய் மோந்து பாருங்க. உங்க மூக்குக்குத் தெரியாமப் போயிருமா?"

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். முட்டுக்கு அப்பால் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் படம் வரைகிற ஆளே போகச் சொன்னால் அது உத்தரவுதானே. அவர் உத்தரவை மீறவில்லை. உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போனார். அங்கே இல்லாத ஒன்றைத் தேடி மூன்றடி உள்ளே போய் முகர்ந்தார். வாடை இல்லை என்று அவருடைய மூக்கு சரியாகவே சொல்லிற்று. தப்பு என் படத்தில் இருந்தது.

விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயந்துதான் சொல்லவில்லை. லயத்தில் இதைக் கேட்கிற எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: சோலை சொன்ன பேச்சைக் கேட்டவர். மீனாட்சிபுரம் நஞ்சப்பன் சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் செத்துப்போனார். பெயர்களை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இதே வார்த்தைகளில் சர்க்காருக்கும் ஒரு மனு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

8

அன்னமேரி அக்கா, இது மறுபடி உங்களுக்கு மட்டும்.

ஏழை வாசித்து முடித்ததும் வேலுத்தாய் ஒரே ஒரு கேள்வி கேட்பார். படம் எப்படித் தப்பாச்சு என்று. நான் அங்கே இருக்க மாட்டேன். இதை நீங்கள்தான் முடிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

ஐந்தையும் ஆறையும் அவருக்கு வாசிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இதை எந்தப் படியிலும் நான் எழுதவில்லை. டிசம்பரில் என்னைப் பஸ் ஏற்றிவிட அவர் ரோடுவரை வந்தார். பஸ் வந்து நின்றது. படியில் காலை வைத்துவிட்டேன். அப்போது கேட்டார்.

"அன்னைக்குச் சாமிக்கு எடுத்து வெச்ச கல்லையெல்லாம் அப்பறம் அதது எடத்துல வெச்சிட்டீகளாய்யா?"

"வெச்சாச்சுங்க" என்றேன்.

பஸ் நகர்ந்து வளைவு திரும்பும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.